பூவாத்தாவின் பிடிமண்

ஒற்றையால்குறிச்சியில் அம்மன் கொடைக்குக் கால் நட்டு, எல்லைக்கல்லில் மஞ்சள் கயிற்றைச் சுற்றிக் காப்புக் கட்டிவிட்டால், கொடை முடிகிற எட்டு நாளும் ஊருக்குள் ஊர்க்காரர் மட்டும்தான் இருக்கலாம். வளையல் வியாபாரி இருக்கக் கூடாது, வாடகைக்குக் குடியிருக்கிற வாத்தியார் இருக்கக் கூடாது, மகளைப் பார்க்க வந்த சம்பந்தகாரர் இருக்கக் கூடாது, பதினோரு வருஷமாக அந்த ஊர் அடிபம்பில் தண்ணீர் அடித்து, அந்த ஊர் வயலில் களை பிடுங்கி, அந்த ஊர்க்காரனுக்கே பிள்ளை பெற்றுக்கொடுத்த பூவாத்தாவும் இருக்கக் கூடாது. மேளம்கூட வெளியிலிருந்து வராது. ஊர் ஆட்களே பழகி, ஊர் ஆட்களே அடிப்பார்கள்.

வெளியூர்ப் பெண் ஊர்க்காரியாக ஒரு வழி இருந்தது, அது சுலபமான வழிதான் என்று அவர்கள் சொல்வார்கள். வாக்கப்பட்டு வருகிற பெண், தான் பிறந்த ஊர் மண்ணில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்து கொண்டுவர வேண்டும். எல்லைக்கல்லின் அடியில் ஊர்த்தலைவர் முன்னால் அதைக் கொட்டி, அதன்மேல் வலதுகாலை வைத்து மிதித்துத் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் அவள் குறிச்சிக்காரி, அவளை ஏசினால் ஊரை ஏசிய மாதிரி. அப்படித் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய மண் கல்லின் அடியில் இடுப்பு உயரத்துக்கு மேடாகிக் கிடந்தது, அதற்கு மருமக்கமேடு என்று பெயர், அதற்குக் கொடைதோறும் பால் ஊற்றுவார்கள், எங்கள் ஊரில் எத்தனை ஊர் மண் கலந்திருக்கிறது பார் என்று மீசையைத் தடவிக்கொள்வார்கள்.

பூவாத்தாவிடம் மண் இல்லை. மேற்கே மலையடிவாரத்தில் கல்லுமடை என்று ஓர் ஊர் இருந்தது; அணை கட்டினார்கள், தண்ணீரைத் தேக்கினார்கள், அவளுக்கு ஏழு வயது நடக்கும்போது கோயில், பள்ளிக்கூடம், அவள் அப்பன் நட்ட முருங்கை எல்லாம் தண்ணீருக்கு அடியில் போயிற்று. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த இடத்தில் தளவாயைப் பார்த்தாள், பிடித்தது, தாலி கட்டிக்கொண்டு அவன் ஊருக்கு வந்தாள். எல்லைக்கல்லின் முன்னால் ஊர்த்தலைவர் வைகுண்டம் கைநீட்டி, "மண்ண எங்க?" என்று கேட்டபோது அவள் உள்ளதைச் சொன்னாள்.

"எங்கூரு தண்ணிக்குள்ள இருக்குதுங்க."

ஊரே சிரித்தது. ஊர் முங்கியதற்குச் சிரித்தார்களா, அவள் சொன்ன 'ங்க'வுக்குச் சிரித்தார்களா என்று இன்றுவரை தெரியாது. "அப்பம் முங்கி அள்ளிட்டு வா" என்றார் வைகுண்டம். அவர் பெண்டாட்டி பிரம்மசக்தி, "பொறந்த மண்ணுன்னு ஒண்ணு இல்லாதவ எந்த மண்ணுலதான் நிப்பா" என்று மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். அன்றைக்கு வைத்த பெயர்தான் முங்குனவ. கடையில் முங்குனவ, வயலில் முங்குனவ, பள்ளிக்கூட வாசலில் அவள் மகளுக்கு முங்குனவ மவ. தளவாய் என்று பெயர் வைத்துக்கொண்டு படைநடத்த வேண்டியவன், "எட்டு நாளுதானட்டி, ஊரோட ஒத்துப் போயிருவோம்" என்பான். ஊரோடு ஒத்து வாழச் சொன்னவர்கள் ஊருக்கு ஒரு புத்தியும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

அவள் மகள் ரதிதேவிக்கு ஒன்பது வயது. ஊருக்குள் பிறந்தவள், ஆகவே ஊர்ப்பிள்ளை. ஊர்ப்பிள்ளை காப்புக் கட்டியபின் எல்லைக்கு வெளியே தூங்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு வீசிங் இருந்தது. கொடை வந்தால் சாம்பிராணிப் புகை, தெருப்புழுதி, வெள்ளையடித்த சுண்ணாம்பு நெடி எல்லாம் சேர்ந்து அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூடி சரியாகப் பொருந்தாத குக்கர்போல மெல்லிய ஒரு சீழ்க்கை முதலில் கேட்கும், அது கேட்ட உடனே இன்ஹேலரை வாயில் வைத்து அடித்துவிட்டால் சரியாகிவிடும், விட்டால் உதடு நீலமாகிவிடும். அந்த முதல் சீழ்க்கை பூவாத்தாவின் காதுக்குத்தான் தெரியும். தளவாய்க்குப் பதினெட்டுத் தடவை சொல்லிக் கொடுத்தும் அவனுக்கு உதடு நீலமானால்தான் தெரியும். அதனால் எட்டு நாளும் அவள் திருப்பூருக்குப் போகாமல், கல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பேருந்து நிழற்குடையில் ஒரு பையோடும் பாயோடும் உட்கார்ந்திருப்பாள், மகளின் மூச்சுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்ற ஒன்றையே நினைத்துக்கொண்டு. தளவாய் தூக்குச்சட்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவான். நிழற்குடையின் பக்கத்தில் நின்ற வாகை மரத்தடியில் ஒரு குழி இருந்தது, கோழி மண்ணில் புரண்டு குளித்த குழி மாதிரி வட்டமாக, ஆனால் அதைவிடப் பெரிதாக. அதை யார் தோண்டினார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை.

இந்த வருஷம் கால்நாட்டுச் செவ்வாய்க்கிழமை காலையில் பூவாத்தா பையைத் தூக்கிக்கொண்டு கல்லைத் தாண்டினாள். அவளுடைய பின்னங்கால் தரையில் பட்ட நிமிஷத்தில் ஊரில் இருந்த சத்தம் எல்லாம் அவளோடு வெளியே போயிற்று.

கோயில் முன்னால் மேளத்தில் விழுந்த முதல் அடி கேட்கவில்லை. தோல் நமுத்துவிட்டது என்றார்கள், அதாவது வாயை அசைத்தார்கள். பிறகு காதைக் குடைந்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து மணி பஸ்ஸில் டவுனிலிருந்து வந்து இறங்கிய ஆட்கள்தான் கண்டுபிடித்தார்கள்: நிழற்குடையில் பூவாத்தா ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாள், அவளைச் சுற்றி ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. மேளம் கேட்டது, மாவு மில் ஓடியது, ஆடு கத்தியது, "ஏலே, இங்கன வா" என்று யாரையோ யாரோ கூப்பிட்டார்கள், ரேஷன் கடைத் தராசு கிணுங்கியது, எல்லாம் அவளுடைய தோள்பட்டைக்கு ஒரு முழத்துக்குள். அவள் வாகை மரத்துப் பக்கம் நகர்ந்தால் ஊரும் நகர்ந்தது. ஒதுங்கப் போனால் ஊரும் கூடவே ஒதுங்கப் போயிற்று.

குறிச்சிக்காரர்கள் முதல்நாள் பயந்தார்கள், இரண்டாம் நாள் கோபப்பட்டார்கள், மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்தார்கள். 'குறிச்சி சொந்தங்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் தட்டி அனுப்பிக்கொண்டார்கள். அடுத்தடுத்த திண்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் "சாப்பிட்டாச்சா" என்று போனில் கேட்டுக்கொண்டார்கள். சேவல் கூவியது கேட்காமல் வெயில் ஏறும்வரை தூங்கினார்கள். குக்கர் விசில் கேட்காமல் வீட்டுக்கு வீடு சோறு குழைந்தது, குழைந்த சோற்றுக்குத் தகுந்த குழம்பு வைக்கப் பழகினார்கள். நாய்கள் குரைத்துப் பார்த்துவிட்டு, தங்கள் வாயில் ஏதோ குறை என்று நினைத்துப் படுத்துக்கொண்டன. நாற்பது வருஷமாகத் தினம் சண்டை போட்டே காலம் தள்ளிய ஒரு தம்பதி, ஒரு நாள் பொறுத்தார்கள், மறுநாள் இருவருமாகக் கிளம்பி, கல்லைத் தாண்டியதும் தங்கள் குரல் திரும்பியதைக் கண்டு, நிழற்குடைக்கு நடந்துவந்து, பூவாத்தாவுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்து மூச்சுவாங்க ஏசிக்கொண்டு, மனசாறித் திரும்பிப் போனார்கள். அவளைத் "தள்ளி இரி" என்று சொன்னார்களே தவிர, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "ஏ முங்குனவளே, எம் மருமவ என்னையப் பத்தி அங்கன என்ன சொல்லுதா, கொஞ்சம் காதுகொடுத்துச் சொல்லு" என்று வந்து நின்றவர்களும் உண்டு. நான்காம் நாளைக்குள் எல்லாம் பழகிவிட்டது. மனுஷனுக்கு அநியாயமே பழகிவிடும்போது, சத்தம் இல்லாதது ஒரு பெரிய குறையா.

ஆனாலும் மேளம் இல்லாமல் கொடை எப்படி என்று ஒரு பேச்சு வந்தது. கல்லுக்கு வெளியே நின்று பேச வேறு நிழல் இல்லாததால் அவளைப் பற்றிய ஊர்க்கூட்டத்தை அவளைச் சுற்றி நின்றே நடத்தினார்கள். அவள் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி மாரிக்கனி கூட்டத்தின் ஓரத்திலிருந்து மெள்ளச் சொன்னாள். "சத்தம் அவகூடத்தான சுத்துது, தலைவரே. அவள உள்ள கூப்பிட்டாச் சரியாப் போயிரும்லா."

"களவாண்டவளையே காவலுக்கு வைக்கச் சொல்லுதியோ?" என்றார் வைகுண்டம். "ஊருச் சத்தத்தத் தூக்கிட்டுப் போனவ, உள்ள வந்தா எதத் தூக்குவாளோ. காப்பு காப்புதான். ஆத்தாளுக்கு மேளம் கேக்காமலா போயிரும், அவ என்ன செவிடா?"

"நானு எதையும் எடுக்கலீங்க" என்றாள் பூவாத்தா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க என்னைய வெளிய அனுப்புனீங்க. அது கூட வந்துருச்சுங்க."

கல்லை இன்னும் கண்டிப்பாகக் காவல் காப்பது என்று தீர்மானித்து, கம்போடு இரண்டு ஆட்களை நிறுத்தி, கலைந்து போனார்கள். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். ஊர்வாய் மூடிக்கிடந்த அந்த நாட்களிலும் ஊர்ப்புத்தி மட்டும் திறந்தே கிடந்தது.

அவளுக்கு அதில் ஒரு சுகம் இருந்தது, அதை மறைப்பானேன். ஒன்பது கொடையாக எட்டு எட்டு நாள் மகளின் குரலே கேட்காமல் கிடந்தவளுக்கு இப்போது மகள் பக்கத்திலேயே இருந்தாள். ரதி வாய்ப்பாடு சொன்னாள், ஆட்டுக்குட்டியைக் கொஞ்சினாள், அப்பனிடம் கோபித்துக்கொண்டு விசும்பினாள், மத்தியானம் சீரான மூச்சோடு தூங்கினாள், பூவாத்தா அந்த மூச்சின்மேல் கைவைத்த மாதிரி இருந்தாள். தளவாய் வீட்டைக் கழுவி மாவிளக்குக்கு இடம் ஒதுக்கிக்கொண்டே, "மருந்து நாத்தம் சாமிக்கு ஆகாது, இதப் பரண்ல போட்டு வைப்போம்" என்று தனக்குள் முனகினான். அவள் அதைக் கேட்டாள், தைலக்குப்பியைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் வேறொன்றும் கேட்டது. பெண்கள் கோயிலில் நின்று, எப்படியும் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், வாய்விட்டே வேண்டிக்கொண்டார்கள்.

"ஆத்தா, எங்க ஊரு மண்ண எங்கம்ம முடிஞ்சுதான் தந்தா. பஸ்ஸுல தூங்கிட்டேன், முடிச்சு அவுந்து கொட்டிட்டு. எறங்குன எடத்துல, அந்த வாக மரத்து மூட்டுல அள்ளிட்டு வந்தேன். முப்பது வருசம் கழிச்சு அதுக்கா ஊரு வாயக் கட்டுன? என்ன மட்டும் தண்டிச்சுக்கோ, ஊர விட்டுரு." அது தலைவர் பெண்டாட்டி பிரம்மசக்தியின் குரல்.

சற்றுப் பொறுத்து மாரிக்கனியின் குரல். "தாயே, கல்யாணச் சந்தடியில மண்ணு மறந்தே போச்சு. பஸ்ஸ விட்டு எறங்கவும்தான் ஞாவகம் வந்துச்சு."

பிறகு இன்னொருத்தி. "எங்க மாமியாதான் சொன்னா. மரத்தடியில அள்ளிக்கோ, நானும் அங்கனதான் அள்ளுனேன், ஒருத்தன் மோந்தா பாக்கப் போறான்னு."

பிறகு இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் கள்ளி என்று நினைத்து, ஊர் ஊமையானது தன்னால்தான் என்று நடுங்கி, குரலை அடக்கி அழுதுகொண்டே சொன்னாள். பூவாத்தா எழுந்து வாகை மரத்தடிக் குழியைப் போய்ப் பார்த்தாள். விளிம்பெல்லாம் கைவிரல் தடம். தலைமுறை தலைமுறையாக, பிடி பிடியாக, வளையல் போட்ட கைகள் தோண்டிய குழி. மருமக்கமேட்டில் எத்தனையோ ஊர் மண் கிடக்கிறது என்று பால் ஊற்றினார்களே, அது அத்தனையும் இந்த பஸ் ஸ்டாப்பு மண். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, தனியாக வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு வயிறு எரிந்தது. பொய் சொன்னவர்கள் எல்லாம் உள்ளே, உண்மை சொன்ன ஒருத்தி வெளியே. பொய்யை முடிந்து வந்தவளுக்கு ஆரத்தி, கையை விரித்துக் காட்டியவளுக்கு முங்குனவ என்று பட்டம். அவர்களிலும் ஒருத்தி, ஒரே ஒருத்தி, பதினோரு வருஷத்தில் அவள் காதோடாவது, நீயும் அங்கே ஒரு பிடி அள்ளிக்கோடி என்று சொல்லியிருக்கலாமே என்றுதான் அவளுக்கு ஆறவே இல்லை. குனிந்து ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு கவளம் உருட்டியபோது சீழ்க்கை கேட்டது. ஊருக்குக் கேட்காத மேளமும் குலவையும் தோளருகே இடித்துக்கொண்டிருக்க, அதற்குள் ஊசி நுழைகிற மாதிரி அந்தச் சீழ்க்கை.

"எப்பா" என்றாள் ரதி. "எப்பா, எம் மருந்துப் பம்ப எங்க வச்சிய?"

தளவாய் கோயிலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்திருந்தாலும் கேட்டிருக்காது. "எப்பா." அடுப்படியில் டப்பாக்கள் உருண்டன. "மாரிக்கனி சித்தி. யாராச்சும் வாங்களேன்." கதவை யாரோ சின்னக் கையால் தட்டினார்கள். பிள்ளை ஊர் நடுவில் நின்று கூப்பிட்டது, ஊரில் ஓர் உயிருக்கும் கேட்கவில்லை, எல்லைக்கு வெளியே துரத்திவிட்ட ஒருத்திக்குத்தான் கேட்டது. பூவாத்தா சோற்றை உதறிவிட்டு ஓடினாள்.

கல்லருகே காவலுக்கு நின்ற இரண்டு பேரும் கம்பைக் குறுக்கே நீட்டினார்கள். அவள் எதிரே வந்து நின்றதும், அவளைச் சுற்றியிருந்த சத்தம் அவர்களுக்கும் கேட்டது. "நில்லு, காப்பு அறுந்திரும்" என்று தாங்கள் சொன்னது அவள் பக்கத்திலிருந்து தங்களுக்கே திரும்பி வரக் கேட்டார்கள். பிள்ளையின் சீழ்க்கையையும் கேட்டார்கள். "யாராச்சும் வாங்களேன்" என்று அது கூப்பிட்டதையும் கேட்டார்கள்.

"எம் புள்ளைங்க" என்றாள் பூவாத்தா. "மூச்சு முட்டுதுங்க. உங்களுக்கே கேக்குதல்ல."

கேட்டது. கேட்டும் கம்பை எடுக்கவில்லை. ஒருவன் மற்றவனைப் பார்த்தான், மற்றவன் தலைவரிடம் கேட்க வேண்டும் என்று போனை எடுத்துத் தட்டத் தொடங்கினான். அவன் இரண்டாவது எழுத்தைத் தட்டுவதற்குள் பூவாத்தா கம்புக்கு அடியில் குனிந்து, மஞ்சள் கயிறு முதுகில் பட்டு அறுந்து விழ, மருமக்கமேட்டை மிதித்துத் தாண்டி உள்ளே ஓடினாள்.

அவளோடு சத்தம் ஊருக்குள் வந்தது. மேளம் திடீரென்று முழங்கியது, மாவு மில் உறுமியது, ஆறு நாளாகக் குரைக்காத நாயெல்லாம் சேர்ந்து குரைத்தது. கோயில் முன்னால் ஊரே "ஆத்தா" என்று கையெடுத்துக் கும்பிட்டு, அழுது, சாமியாடி, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது. அம்மன் மனமிரங்கிவிட்டாள் என்று வைகுண்டம் மைக்கில் அறிவித்தார். அந்தக் கொண்டாட்டத்தில் தெருவில் ஒருத்தி ஓடுவதை யாரும் கவனிக்கவில்லை. பூவாத்தா வீட்டுக்குள் நுழைந்து, தளவாய் முனகியது எதை என்று இப்போது விளங்கி, நேரே பரணுக்குக் கையை நீட்டினாள், மாவுத் தூசிக்கும் பழைய துணிக்கும் நடுவில் இன்ஹேலர் கிடந்தது. ரதி அடுப்படியில் சுவரோடு சரிந்து கிடந்தாள், உதடு நீலம். அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, வாயில் வைத்து அடித்து, "இழு அம்மிணி, மெதுவா இழு, அம்மா வந்துட்டேன் கண்ணு" என்று முதுகைத் தடவினாள். ஐந்தாவது தடவைக்குப் பிறகு நீலம் மெள்ளக் கலைந்தது.

மறுநாள் காலையில் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. எல்லோருக்கும் குரல் இருந்தது, ஆகவே எல்லோரும் பேசினார்கள். காப்பை அறுத்தவள் என்றார்கள், சத்தத்தைத் தூக்கிப் போனவள், பயந்துபோய்த் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள் என்றார்கள். பிள்ளை எப்படியிருக்கிறது என்று கேட்க ஒரு நாக்குக்கும் தோன்றவில்லை. வைகுண்டம் கையமர்த்தினார்.

"பதினோரு வருசம் பொறுத்தாச்சு. பொறந்த ஊரு மண்ணக் கொண்டாந்து கொட்டிட்டு இரு, இல்லன்னா இன்னைக்கே கெளம்பு, இனி வராத. பிள்ள ஊருப் பிள்ள, அது இங்கனதான் இருக்கும்."

பூவாத்தா தளவாயைப் பார்த்தாள். அவன் மேளக்குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முந்தானையை அவிழ்த்து, ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் ஏந்தி நீட்டினாள்.

"இந்தாங்க மண்ணு."

வைகுண்டம் குனிந்து பார்த்தார். "இது எந்த ஊரு மண்ணு? வாக எல கெடக்கு. இது பஸ் ஸ்டாப்பு மண்ணுல்லா?"

"ஆமாங்க. பஸ் ஸ்டாப்பு மண்ணுதானுங்க. உங்கூட்டுக்கார அம்மா கொண்டாந்ததும் இதேதானுங்க. இங்க நிக்கற அத்தன பேரும் கொண்டாந்தது இதேதானுங்க. அந்த மேட்டத் தோண்டிப் பாருங்க, வாக எலையாத்தான் கெடக்கும். நானு ஒருத்திதான் இல்லைன்னு நெசத்தச் சொன்னேன், அதுக்குப் பதினோரு வருசம் தண்டன குடுத்தீங்க. கேளுங்க. அவங்களையே கேளுங்க, சொல்லட்டும்."

கூட்டம் பெண்கள் பக்கம் திரும்பியது. பூவாத்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிரம்மசக்தி சேலைக் கரையைத் திருகினாள். மாரிக்கனி தரையைப் பார்த்தாள். இன்றைக்கு அவர்கள் வாயை எந்த மாயமும் கட்டவில்லை, ஆடு கத்தியது கேட்டது, குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. அவர்கள் குரல் மட்டும் கேட்கவில்லை.

"பாத்தியா" என்றார் வைகுண்டம், நிம்மதியாக. "ஊருப் பொம்பளைய மேல பழி வேற."

பூவாத்தா மண்ணை மறுபடி முடிந்துகொண்டாள். "வா அம்மிணி" என்று ரதியின் கையைப் பிடித்தாள், நடந்தாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அவளுக்கு என்ன தைரியம் என்று ஊர் திகைத்து முடிப்பதற்குள் அவள் கல்லைத் தாண்டிவிட்டாள். "அவளப் பிடிங்கல, பிள்ளைய வாங்குங்க" என்று வைகுண்டம் அலறியதில் 'அவளப்' மட்டும்தான் கோயில் முன்னால் கேட்டது; மிச்சம் பூவாத்தாவின் காதோடு போயிற்று. காவலுக்கு நின்றவர்கள் உள்ளே வருகிறவளைத் தடுக்க நின்றவர்கள், போகிறவளைத் தடுக்க அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, சொன்ன சொல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நிழற்குடையில் உட்கார்ந்ததும் குரல்கள் வந்தன. ஊர் மறுபடி ஊமையாகிவிட்டது, இனி யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும் பெண்கள் வாயைத் திறந்திருந்தார்கள். "எம் மண்ணும் அதுதான், பூவாத்தா." "நானும் அங்கனதான் அள்ளுனேன், மதினி." "மன்னிச்சுக்கோட்டி, பயந்துட்டேன்." பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னார்கள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. கேட்க ஆளில்லாத இடத்தில் உண்மை பேச எல்லோருக்கும்தான் தைரியம் இருக்கிறது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "கூட்டம்னு நினைச்சேன், ரெண்டு பேருதான் நிக்கீய" என்றார். அவள் படியில் கால் வைத்தபோது, காதோடு தளவாயின் குரல் கேட்டது, அவ்வளவு பக்கத்தில், மூச்சுக்காற்றுகூடப் படுகிற மாதிரி. "பூவாத்தா, போவாதட்டி. பிள்ளையக் கூட்டிட்டுப் போவாத." அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் எல்லைக்கல்லுக்கு உட்புறம் நின்றிருந்தான், வாய் அசைந்தது, கை கல்லைப் பிடித்திருந்தது. ஒரு எட்டு வைத்தால் போதும், அவன் குரல் அவன் தொண்டையிலிருந்தே வரும், ஊருக்கே கேட்கும். "கொஞ்சம் பொறுங்கண்ணா" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு அவள் படியிலேயே நின்றாள். கண்டக்டர் பொறுத்தார், டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். தளவாய் அறுந்து மறுபடி கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தான், பின்னால் ஊரைப் பார்த்தான், எட்டு வைக்கவில்லை.

"போலாங்க" என்றாள் பூவாத்தா.

இப்போது திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் அவளும் மகளும் இருக்கிறார்கள். ஒற்றை அறைக்குள் ஓர் ஊரே சத்தம் போடுவதை அக்கம்பக்கத்தார் முதலில் டிவி என்று நினைத்தார்கள். பிறகு விஷயம் தெரிந்தது, அவர்களும் பழகிக்கொண்டார்கள், ஒரிசாக்காரப் பெண் ஒருத்தி சேவல் கூவுகிறதைக் கேட்கத் தினமும் விடியற்காலை வந்து வாசலில் உட்காருகிறாள். யாரும் யாரையும் எந்த மண் என்று கேட்பதில்லை. ரதிக்கு வீசிங் குறைந்திருக்கிறது.

போன மாதம் ஊர்த்தலைவரிடமிருந்து போனில் எழுத்து வந்தது. 'நீ திரும்பி வரலாம். மண் தேவையில்லை. இது ஊர்த் தீர்மானம்.' பூவாத்தா அதை இரண்டு தடவை படித்தாள், தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பதில் தட்டினாள். 'அத்தனை பேரும் கல்லைத் தாண்டி வெளியே வாங்க. வாகை மரத்துக் குழிகிட்ட நின்னு, அவங்கவங்க மண்ணு எங்க அள்ளுனதுன்னு சத்தமாச் சொல்லுங்க. வெளியே வந்து சொன்னா உங்களுக்கே கேக்குமுங்க. அப்புறம் வாறேன்.'

இன்றைக்கு மறுபடி கால்நாட்டு. மேளம் அவள் அறைக்குள் முழங்குகிறது, அங்கே அடிக்கிறவர்களுக்குக் கேட்காத மேளம். பிரம்மசக்தி கோயிலில் நின்று அழுகிறாள், மாரிக்கனி அழுகிறாள், தளவாய் குச்சியைத் தேடி முனகுகிறான். அத்தனையும் கேட்கிறது. ஒருவர் வெளியே வந்தால் அந்தக் குரல் இங்கே நின்றுபோகும் என்று அவளுக்குத் தெரியும். கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு குரலாக, யாருடைய குரல் குறைகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். இதுவரை ஒன்றும் குறையவில்லை.